வெள்ளி ஸ்டிக்கரில் உன் கட்டை விரல்

என் கண்ணான சவரி மாமாவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்தபோதும் நான் கோபம் இல்லாமல் உன்னிடம் பேசியது குறைவு. போன பிறகு மட்டும் குரலை இறக்கிப் பேசினால் யாரோ வேறு பொம்பளை என்று நினைத்துக்கொள்வாய்.

வருஷம் திரும்பப் போகிறது. உன் தம்பி அருளு ப்ளெக்ஸ் அடிக்க வேண்டும் என்று நின்றான். மெழுகுவத்தி, இரண்டு புறா, நடுவில் நம் கல்யாணப் படத்திலிருந்து என்னை வெட்டிவிட்டு நீ மட்டும். "கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் எதுக்க வெச்சிடலாம் அண்ணி, ஊரே பாக்கும்" என்றான். வேண்டாம் என்றேன். ப்ளெக்ஸில் அழத்தான் இடம் இருக்கும், சொல்வதற்கு இடம் இருக்காது. அதனால் இந்தக் கடிதத்தை நாலு பக்கத் தாளாக அடித்து, உன் வருஷப் பூசைக்கு வருகிற எல்லார் கையிலும் கொடுக்கப் போகிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் ஒட்டுக் கேட்கட்டும். முக்கியமாக உன் பட்டறை முதலாளியின் வக்கீல் கேட்கட்டும்.

அவர் எதையோ கண்டுபிடித்துவிட்டாராம். மிஷினில் யார் கை வைத்தார்கள் என்பதை அடுத்த வாய்தாவில் எடுத்துப் போடப் போகிறாராம். நீ கேட்டால் சிரிப்பாய். அது எனக்கு நீ செத்த நாலாம் நாளே தெரியும், மாமா.

என் கடை ஞாபகம் இருக்கிறதா உனக்கு? அரிசி மில் மிஷின், மரம் செதுக்கும் சிஎன்சி மிஷின் எல்லாவற்றின் சர்க்யூட் போர்டும் அங்கேதான் ரிப்பேருக்கு வரும். நீ சாப்பாட்டுத் தூக்கோடு வந்து மேஜை ஓரம் உட்கார்ந்து, "இன்னா, உன் மூட்டப்பூச்சிங்க எல்லாம் சௌக்கியமா?" என்று கேட்பாய். சுண்டுவிரல் நகம் அளவு, கறுப்பு உடம்பு, இரண்டு பக்கமும் காலும் காலுமாக இருக்கிற சிப்பைப் பார்த்தால் உனக்கு மூட்டைப்பூச்சிதான். அதிலும் ஒன்றின்மேல் உனக்குத் தனி இளக்காரம். மோட்டாரை ஓட்டுவதற்கென்றே செய்த சிப். "ஒரே ஒரு வேலைக்கா ஒரு சிப்பு? என்ன மாதிரி சோம்பேறி போல" என்றாய்.

சோம்பேறி இல்லை என்று அன்றைக்கே சொன்னேன். கம்ப்யூட்டருக்கு ஆயிரம் வேலை, நடுவில் கொஞ்சம் யோசிக்கும். இதற்கு யோசனையே கிடையாது. மோட்டாரை எப்படி மெல்லக் கிளப்புவது, எவ்வளவு வேகத்தில் கொண்டுபோவது, எங்கே தணித்து எங்கே நிறுத்துவது, அவ்வளவுதான் அதன் உலகம். மோட்டார் சொன்ன இடத்துக்கு வந்ததா என்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். வரவில்லை என்றால், இன்னும் கரண்டைக் கொடுத்து இன்னும் பலமாகத் தள்ளும். எதிரில் இருப்பது தேக்கா, வேங்கையா, மனுஷனா என்பது அதற்குத் தெரியாது.

நீ வாயில் சோற்றை வைத்துக்கொண்டே, "அப்ப உன்ன மாதிரி" என்றாய். நான் ஸ்பேனரை எடுத்து எறிந்தேன். படவில்லை.

உன் கடைசி நாளை நான் பார்க்கவில்லை. ஆனால் உன்னோடு மரப் பட்டறையில் வேலை செய்த பையன் காசி சொன்னதைக் கேட்டுக் கேட்டு, பார்த்தவளைவிட எனக்கு நன்றாகத் தெரியும். ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை. பட்டறை வாசலில் கட்டின வாழைமரம் இன்னும் வாடவில்லை. முதல் வேலையாக மிஷினை ஹோமுக்கு, அதாவது அது கிளம்புகிற முனைக்கு, விட வேண்டும். சாப்பாட்டு மேஜையைப் போல நாலு மடங்கு நீளம் அந்த மிஷின். அதன்மேல் குறுக்கே ஒரு இரும்புப் பாலம். பாலம் கடைசி முனைக்கு வந்து நின்றால்தான் அதற்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியும். முனையில் ஒரு சின்ன சென்சார் வெளிச்சத்தை அடித்துக்கொண்டிருக்கும். பாலத்தின் நெற்றியில் ஒரு வெள்ளி ஸ்டிக்கர். வெளிச்சம் ஸ்டிக்கரில் பட்டுத் திரும்பினால் சிப் பாலத்தை நிறுத்தும். பாலம் நிற்கிற இடத்துக்கும் பின்னால் இருக்கிற இரும்புத் தூணுக்கும் நடுவே ஒரு ஆள் நிற்கிற இடைவெளி. அங்கே நின்றுதான் நீ தினமும் மரத்தூளைத் தள்ளுவாய். தினமும் பாலம் உன் வயிற்றுக்கு ஒரு சாண் தள்ளி நிற்கும். நீ அதை நாய்க்குட்டியைப் போலத் தட்டிக் கொடுப்பாயாம்.

அன்றைக்கும் துடைப்பத்தோடு நின்றாய். "வுடு காசி" என்றாய். காசி பட்டனை அழுத்தினான்.

அது நிற்கவில்லை.

உன்னைத் தூணோடு வைத்து அழுத்தியது. நீ தள்ளினாய். நீ தள்ளத் தள்ள, சிப்புக்கு மோட்டார் பின்தங்குகிறது என்று கணக்கு. அது இன்னும் பலமாகத் தள்ளியது. காசி ஓடிப்போய்ச் சிவப்பு பட்டனை அடித்தான். நின்றது. ஆனால் பிரேக் பிடித்த பாலம் பின்னாலும் போகாது. அவன் வெறுங்கையால் அதைப் பிடித்து இழுத்தான். அவன் விரலில் இரண்டு நகம் பிய்ந்து அந்த இரும்பிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. நீ என்ன சொன்னாய் என்று அவனைக் கேட்டேன். "ஒண்ணும் சொல்லலக்கா. வாயில வந்தது பேச்சு இல்ல" என்றான்.

பெரியாஸ்பத்திரி வாசலில் உன்னைத் துணி மூடி வைத்திருந்தபோது முதலாளி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "பையன் பாக்காம பட்டன அழுத்திட்டாம்பா, இன்னா பண்றது" என்றார். அது போதுமாக இருந்தது அருளுக்கு. காசியின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். மோதி, இழுத்து, மறுபடி மோதினான். காசியின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. காசி ஒரு கையைக்கூடத் தூக்கவில்லை. கட்டுப் போடாத விரல்களைத் தொங்கவிட்டபடி நின்றான். நானும் போய் அவன் கன்னத்தில் அறைந்தேன். ஆஸ்பத்திரிப் போலீஸ்காரர்தான் பிரித்துவிட்டார். காசி அன்றைக்கே தன் ஊருக்குப் போகிற வெள்ளிமலை பஸ் ஏறிவிட்டான். உன் அடக்கத்துக்கு வரவில்லை. வந்திருந்தால் அவனையும் உன் பக்கத்திலேயே புதைத்திருப்பார்கள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். உன்னைப் பெற்ற அத்தை ஒரு மூலையில். உன் செருப்பு ஒரு மூலையில். நான் கடையைத் திறந்தேன். பழைய போர்டு ஒன்றில் அதே சிப் இருந்தது. அதைக் கட்டையில் வைத்துச் சுத்தியலால் அடித்தேன். முதல் அடியில் கால்கள் பறந்தன. விடவில்லை. கறுப்பு மாவாகிற வரைக்கும் அடித்தேன், பிறகு கட்டையை அடித்தேன், பிறகு மேஜையை அடித்தேன். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கொலை செய்கிற வெறி என்றால் என்ன என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, மாமா. யாரைக் கொல்வது என்பதுதான் தெரியவில்லை.

நாலாம் நாள் முதலாளியே போன் செய்தார். எவ்வளவு தைரியம் பார்.

"ரீட்டாம்மா, நீயே வந்து போர்ட பாத்துடும்மா. சிப்பு போயிட்டிருக்கும்னு தோணுது. நீ சொன்னா எல்லாரும் ஒத்துக்குவாங்க. சிப்பு போச்சின்னா யார் மேலயும் தப்பு இல்ல பாரு. அந்தக் காசிப் பையனும் பொழச்சிப்பான்."

புருஷனைக் கொன்ற மிஷினைப் பெண்டாட்டியே ரிப்பேர் பார்க்க வேண்டும். போனேன். சிப்தான் குற்றவாளி என்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. அதைத்தான் ஏற்கெனவே சுத்தியலால் அடித்தாகிவிட்டதே.

தூணைக் கழுவியிருந்தார்கள். அடியில், போல்ட் ஓரத்தில் மட்டும் கழுவவில்லை. நான் அங்கே பார்க்காமல் போர்டைக் கழற்றினேன். ஒவ்வொரு காலாக அளந்தேன். சிப்புக்கு ஒரு குறையும் இல்லை. நீ செத்த அந்த நிமிஷத்திலும் அது தன் வேலையைச் சுத்தமாகச் செய்திருக்கிறது. அப்படியென்றால் ஏன் நிற்கவில்லை? நிமிர்ந்து பாலத்தைப் பார்த்தேன்.

வெள்ளி ஸ்டிக்கரின்மேல் சந்தனம். சந்தனத்தின் நடுவே குங்குமம்.

சென்சாரின் வெளிச்சம் திரும்பிவர வழியில்லை. பூஜைக்கு வைத்த பொட்டு மிஷினின் கண்ணை மறைத்துவிட்டது. வருஷா வருஷம் காசிதான் எல்லா மிஷினுக்கும் பொட்டு வைப்பவன். அவன் மோதிர விரலால் உருட்டி வட்டமாக வைப்பான், ஸ்டிக்கருக்கு ஒரு கை தள்ளி வைப்பான். நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். இது வட்டமில்லை. மேலிருந்து கீழே ஒரு இழுப்பு, குறுக்கே ஒரு இழுப்பு. விபூதிப் புதனன்று சாமியார் நம் நெற்றியில் கட்டை விரலால் போடுவாரே, அது. இழுத்த தடம் அகலமாக, நுனி சப்பையாக இருந்தது. ரம்பம் சீவிய உன் கட்டை விரலை எனக்குத் தெரியாதா?

மற்ற மிஷின்களை ஓடி ஓடிப் பார்த்தேன். இழைப்பு மிஷினில் சிலுவை. துளை போடும் மிஷினில் சிலுவை. பட்டறை முழுக்கச் சந்தனத்தில் சிலுவை போட்டுவைத்திருக்கிறாய், பைத்தியக்காரா. உன்னை யார் இதைச் செய்யச் சொன்னது?

அங்கேயே உட்கார்ந்தேன். அப்படியானால் நீயேதான் உன்னை முடித்துக்கொண்டாயா? ஆனாலும் ஏதோ இடித்தது. மிஷினுக்குக் கண் தெரியாவிட்டால் என்ன, தடங்கல் தெரியாதா? மோட்டார் ஓர் அளவுக்குமேல் பின்தங்கினால் சிப் கரண்டை விட்டுவிட்டு அலாரம் அடிக்க வேண்டும். அதற்கென்று உள்ளேயே ஒரு காவல் வைத்துத்தான் அந்தச் சிப்பைச் செய்கிறார்கள். மிஷினின் ரிமோட்டை எடுத்து அதன் திரையில் ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். தடங்கல் அலாரம் என்ற இடத்தில் 'ஆஃப்' என்று இருந்தது.

அது தானாக ஆஃப் ஆகாது. யாரோ கடவுச் சொல் போட்டுத்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அத்தை போன் செய்தாள். "அருளு கொடுவாள எடுத்துகினு பைக்ல கெளம்பிட்டான்டி. வெள்ளிமலைக்குத்தான். நான் கால புடிச்சி இழுத்தேன், ஒதறிட்டுப் பூட்டான்" என்று கதறினாள்.

கச்சிராயபாளையம் போய்ப் பார்த்தால் மலைக்கு பஸ் இல்லை. ஜீப் ஒன்றில் தொற்றிக்கொண்டேன். மலை ஏற ஏற ஒவ்வொரு வளைவிலும் எட்டி எட்டிப் பார்த்தேன். டிரைவரிடம் பைக்கில் ஒருத்தன் போனானா என்று கேட்டேன். "ஆமாங்க, சாக்குல இன்னாமோ சுத்தி வெச்சிகினு பறந்துகினு போனாரு. ஊட்டு விசேஷமா?" என்றார். விசேஷம்தான் என்றேன்.

காசியின் வீடு வெள்ளிமலையைத் தாண்டி, சாமைக் கொல்லை ஓரம். நான் போய்ச் சேர்ந்தபோது காசி வாசலில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். ஓட முயற்சி செய்யவில்லை. அருளு எதிரே நின்றான், சாக்கு கீழே கிடந்தது, கொடுவாள் கையில் இருந்தது. காசியின் தோளில் ஏற்கெனவே ஒரு வெட்டு, சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. அவன் அம்மா கொல்லையில் நின்று மண்ணை வாரி வாரித் தூற்றினாள்.

"வெட்டுண்ணே" என்றான் காசி. "நான்தான் அழுத்துனேன். எனக்கும் தூங்க முடியல. வெட்டிடு."

"அண்ணி, நீ தள்ளிக்கோ" என்றான் அருளு. "ரத்தம் பாக்காம நான் மலைய உட்டு எறங்க மாட்டேன்."

"ரத்தம்தானேடா வேணும், பாரு" என்று நான் கொடுவாளின் வாயைக் கையால் பிடித்தேன்.

வீரம் ஒன்றும் இல்லை மாமா. ஆத்திரம். அவன் இழுத்தான், நான் விடவில்லை. உள்ளங்கை பிளந்து முழங்கை வரைக்கும் ஓடியது. அதைப் பார்த்தபிறகுதான் அவன் கைப்பிடியை விட்டான். கொடுவாள் என் காலடியில் விழுந்தது. நான் அவனை இடது கையால் அறைந்தேன்.

"பொட்டு வெச்சது இவன் இல்லடா. உங்க அண்ணன்" என்றேன்.

அருளுக்கு ஒன்றும் புரியவில்லை. காசிக்குப் புரிந்தது. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

அவன் அப்பா செத்து மாசம் ஆகவில்லை. தீட்டு. இந்த வருஷம் சந்தனத்தையும் விளக்கையும் அவன் தொடக்கூடாது. முதலாளிக்கோ வேறு ஆளைக் கூப்பிட நேரமில்லை. பொட்டில்லாமல் மிஷினை விட்டால் தன் அப்பாவின் சாவுத் தீட்டு பட்டறைக்கு வந்துவிடும் என்று காசி மருகிக்கொண்டு நின்றிருக்கிறான். நீ கையைக் கழுவிக்கொண்டு வந்தாயாம். "எங்கிட்ட குடு. எனக்கு வட்டம் எல்லாம் வராது, எங்க சாமியாரு மாதிரி போட்டு வுட்டுடறேன். உங்க சாமி ஒண்ணும் கோச்சிக்காது" என்றாயாம். பாலத்தில் எங்கே வைப்பது என்று கேட்டிருக்கிறாய். தீட்டுக்காரன் பூஜை நடக்கிற இடத்துக்குள் வரக்கூடாது என்று அவன் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறான். அங்கிருந்தே, "நெத்தியில வெய்யிண்ணே" என்றிருக்கிறான். நெற்றி என்றால் உனக்கு அந்தப் பளபளப்புதான் நெற்றி.

அவ்வளவுதான் நடந்தது. அவன் துக்கத்தில் இருந்தான், நீ அவனுக்காக ஒரு காரியம் செய்தாய்.

அருளு மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப எங்க அண்ணன் சாவ அவனே தேடிகினானா?" என்றான். இல்லை என்றேன். இரண்டு பேரும் என்னோடு கீழே வாருங்கள், காட்டுகிறேன் என்றேன்.

வரும் வழியில் ஆஸ்பத்திரியில் எனக்கும் காசிக்கும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துத் தையல் போட்டார்கள். காசி அப்போதுதான் சொன்னான், கெட்டித் தேக்கு ஓட்டும்போது மிஷின் அடிக்கடி நின்று கத்துகிறது என்று முதலாளி சர்வீஸ்காரனுக்குப் போன் போட்டதை. "அந்தக் கத்தல மொத்தமா நிறுத்துப்பா, எனக்கு வேலதான் முக்கியம்" என்றாராம். அவன் போனிலேயே கடவுச் சொல்லைச் சொல்ல, முதலாளி தன் கையாலேயே அழுத்தியதைக் காசி பார்த்திருக்கிறான். என்ன அழுத்தினார் என்று அவனுக்குத் தெரியாது. மிஷின் கத்தாமல் ஓடியதில் நீங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டிருக்கிறீர்கள்.

மறுநாள் முதலாளியிடம் சிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும், எல்லோரையும் கூப்பிடுங்கள் என்றேன். அவரும் நம்பித் தெருவையே கூப்பிட்டார். வாசலில் பூஜைக்குக் கட்டிய வாழைமரம் இன்னும் நின்றது. அருளை விட்டு ஒன்றை வெட்டச் சொன்னேன். தண்டு உன் இடுப்பு அளவு பருமன். அதைக் கொண்டுபோய், பாலத்துக்கும் தூணுக்கும் நடுவே, நீ நின்ற இடத்தில் நிறுத்திக் கட்டினேன். ஸ்டிக்கரின்மேல் உன் சிலுவையை நான் தொடவில்லை. சர்வீஸ்காரர்கள் போடும் கடவுச் சொல் எனக்கும் தெரியும். தடங்கல் அலாரத்தை மட்டும் ஆன் செய்தேன்.

காசியைப் பட்டன்கிட்டே நிறுத்தினேன். மாட்டேன் என்றான். "நீதான் அழுத்தணும்" என்றேன். பிறகு உன் குரலில் சொன்னேன்.

"வுடு காசி."

பாலம் வந்தது. சென்சாரைத் தாண்டியது. வாழைத்தண்டைத் தொட்டது, மேல்பட்டையை ஒரு விரல் அளவு நசுக்கியது. அலாரம் அலறியது. சிவப்பு விளக்கு எரிந்தது. நின்றுவிட்டது. அலாரம் ஆனில் இருந்திருந்தால் உனக்கு ஒரு ரத்தக்கட்டோடு போயிருக்கும், மாமா. நீ என்னிடம் வந்து காட்டி நான் எண்ணெய் தேய்த்திருப்பேன். திட்டிக்கொண்டே தேய்த்திருப்பேன்.

பாலத்தைப் பின்னால் எடுத்தேன். திரையை முதலாளி முகத்துக்கு நேரே பிடித்து, அவர் வைத்திருந்தபடியே ஆஃப் செய்தேன். "வேணாம்மா, போதும்மா" என்றார். அப்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வுடு காசி."

இந்த முறை சத்தமே போடாமல் வந்தது. தொட்டது. தண்டு வளைந்தது. மோட்டார் ஒரு உறுமல் உறுமிப் பலத்தைக் கூட்டியது. பட்டை பட்டையாகப் பிளந்து, உள்ளே இருந்த தண்ணீரெல்லாம் பீய்ச்சி எங்கள் எல்லார் முகத்திலும் அடித்தது. முதலாளியின் வெள்ளைச் சட்டை நனைந்தது. அதற்குப் பிறகும் அது விடவில்லை. கூழாகிப் போனதை இரும்போடு வைத்து அரைத்துக்கொண்டே இருந்தது. காசிதான் சிவப்பு பட்டனை அடித்தான். வாசலில் யாரோ வாந்தி எடுத்தார்கள். நான் கண்ணை மூடவில்லை. நீ பட்டதை ஒரு தடவையாவது நான் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

முதலில் முதலாளியை அடித்தது அருளு இல்லை. காசி. ஜென்மத்தில் ஒருத்தரை ஏய் என்று சொல்லாதவன், தையல் போட்ட தோளோடு போய் அவர் வாயிலேயே குத்தினான். பிறகுதான் அருளு கடப்பாரையைத் தூக்கினான். முதலாளி ஓடி, அடுக்கி வைத்திருந்த மரக்கதவுகளுக்குப் பின்னால் புகுந்துகொண்டார். அருளு மிஷினைப் பார்த்துத் திரும்பினான். நான் குறுக்கே நின்றேன். அதை நொறுக்க என்னைவிட ஆசை யாருக்கு இருந்தது? ஆனால் உடைத்தால் அவருக்குத்தான் லாபம். திரையில் ஆஃப் என்று இருந்தது, அது அப்படியே இருக்க வேண்டும். போலீஸ் வரும்வரை கடப்பாரைக்கும் மிஷினுக்கும் நடுவே நின்றேன். உன்னைக் கொன்றதைக் காவல் காத்தேன், மாமா. அந்தக் கொடுமையை யாரிடம் சொல்வது?

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார், சீல் வைத்தார். அதற்கு முன்னால் நான் ஒரு காரியம் செய்தேன். அந்த வெள்ளி ஸ்டிக்கரைச் சந்தனத்தோடு மெல்லப் பிய்த்து எடுத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. அது என்ன என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

இப்போது ஊர்ச் சேதி கேள். கடையில் ஒரு பலகை எழுதி மாட்டியிருக்கிறேன்: தடங்கல் அலாரம் ஆனில் இருந்தால்தான் ரிப்பேர். உளுந்தூர்பேட்டை மில்காரர் ஒருத்தர், "அதெல்லாம் உனக்கு இன்னாத்துக்கும்மா, சொன்னத செய்" என்றார். அவர் போர்டைத் தூக்கி ரோட்டில் வீசினேன். லாரி ஏறிப் போனது. வியாபாரம் கொஞ்சம் கம்மிதான். நீ இருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாய்.

காசியின் நகம் கோணலாக முளைத்திருக்கிறது. அவன்தான் கேசில் முதல் சாட்சி. போன மாசம் பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் அவனைச் சூழ்ந்து, மாற்றிச் சொல்லச் சொல்லி உதைத்தார்கள். விலா எலும்பில் விரிசல். அருளுதான் தூக்கிவந்து நம் வீட்டில் படுக்கவைத்தான். ஆமாம், அதே அருளு. இப்போது காசிக்குக் கஞ்சி ஊற்றுகிறவனும் அவன்தான். காசியை அடித்தவர்களைத் தேடிப் போகிறேன் என்று அப்பப்போ குதிப்பான். நான் என் உள்ளங்கைத் தழும்பைக் காட்டுவேன், உட்கார்ந்துவிடுவான்.

உதைத்தும் காசி மாற்றிச் சொல்லவில்லை. அதனால்தான் வக்கீல் இப்போது பொட்டைப் பிடித்திருக்கிறார். சென்சாரை மறைத்தது செத்தவனே, அவன் தப்புக்கு அவனே பலி என்று சொல்லப் போகிறாராம். ஸ்டிக்கர் எங்கே என்று கேட்டு மனு போட்டிருக்கிறார்.

நேற்று அருளு அதைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். "ஈரத்துணியால ஒரு தேய்ப்பு அண்ணி. அண்ணன் மேல ஒரு சொல் வராது. யாருக்குத் தெரியப் போவுது?" என்றான். காசி படுத்திருந்த இடத்திலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் துணியைக்கூட எடுத்துவிட்டேன், மாமா. பொய் சொல்ல மாட்டேன். உன்னை ஒருத்தன் கோர்ட்டில் நின்று முட்டாள் என்று சொல்வதை நான் கேட்க வேண்டுமா?

ஆனால் காய்ந்த சந்தனத்தில் உன் விரல் ரேகை வரி வரியாகத் தெரிகிறது. உன்னைப் புதைத்த இடத்தில்கூட நீ இவ்வளவு இல்லை. தீட்டில் நின்ற காசிக்காக நீ செய்த நல்ல காரியத்தைத் தப்பு என்று நானே துடைத்தால், பிறகு ஆஃப் செய்த அந்த விரலுக்கும் துடைத்த என் விரலுக்கும் என்ன வித்தியாசம்? துணியைத் தூக்கி எறிந்தேன்.

அதனால்தான் வக்கீல் சொல்வதற்கு முன்னால் நானே ஊருக்குச் சொல்கிறேன். பொட்டு வைத்தது என் புருஷன். கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய்தா அன்றைக்கு ஸ்டிக்கரை நானே எடுத்துக் கொடுப்பேன். "இது என் புருஷன் கட்டை விரல், ஐயா" என்பேன். "இதை அந்த மிஷினில் அதே இடத்தில் ஒட்டுங்கள். இன்னொரு வாழைமரம் நான் கொண்டுவருகிறேன். முதலாளி வைத்திருந்தபடியே வைத்து, இந்தமுறை அவரையே பட்டனை அழுத்தச் சொல்லுங்கள்" என்பேன். அவர் அழுத்தட்டும். காசி பக்கத்தில் நிற்பான், அருளு அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்பான். "வுடு" என்று சொல்ல நான் இருக்கிறேன்.

உன்னைத் துடைக்க மாட்டேன். சத்தியம்.

செத்தும் உன்னோடு சண்டையை முடிக்காத உன் மாமன் மகள்,
ரீட்டா